நிற்கும்போது எரிந்த பெட்ரோல்

என் கணவர் சிக்னலில் வண்டியை அணைத்துவிடுவார். சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் ஓடும் எண் இருபதுக்கு மேல் இருந்தால் போதும், சாவி திரும்பிவிடும். பச்சை விழ நான்கு வினாடி இருக்கும்போது மறுபடி கிளப்புவார். இந்த நான்கு வினாடிக் கணக்கு தப்பிப்போய், பின்னால் நிற்கிற தண்ணீர் லாரிக்காரர் ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கக் கேட்கும்படி எங்களைத் திட்டிய நாட்கள் உண்டு. அவர் அசரமாட்டார். "அவருக்கென்ன, டீசல் ஓனரோடது," என்பார்.

எங்களுடையது சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன கார். வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. அதன் முன்பெட்டிக்குள் ஒரு நீள நோட்டு இருக்கும். என் பள்ளிக்கூடத்தில் மிச்சமான மார்க் ரெஜிஸ்டர் அது. வண்டி வந்த முதல் வாரத்திலிருந்து பெட்ரோல் போட்ட தேதி, மீட்டர் காட்டிய எண், எத்தனை லிட்டர், மைலேஜ் எவ்வளவு என்று நான்கு கட்டம் கட்டி எழுதிக்கொண்டு வருகிறார். பின்பக்கங்களில் டயர், பேட்டரி, இன்ஷூரன்ஸ், வைப்பர் பிளேடு வரைக்கும் எல்லாம் இருக்கும். எங்கள் மகளின் தடுப்பூசி அட்டைகூட இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

பெட்ரோல் போடுவது ஞாயிறு காலை ஆறு மணிக்கு. வெயில் ஏறினால் பெட்ரோல் விரிந்துவிடுமாம், அதை வாங்கினால் காற்றுக்குப் பணம் கொடுத்த மாதிரியாம். எப்போதும் ஃபுல் டேங்க்தான். குழாய் 'டக்'கென்று தானாக நின்றதும் மற்றவர்களெல்லாம் பணம் கொடுத்துக் கிளம்புவார்கள். இவர் வண்டியின் பின்பக்கம் போய் இரண்டு கையாலும் பிடித்து நாலு குலுக்கு குலுக்குவார். உள்ளே இருக்கும் காற்று மேலே வந்துவிடுமாம். மறுபடி ஊற்றச் சொல்வார். மறுபடி குலுக்குவார். இரும்புலியூர் பங்க்கில் வேலை செய்யும் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பார்: "தொட்டில் ஆட்டியாச்சா சார்? இன்னும் ஊத்தட்டுமா?"

அவருக்கு இது விளையாட்டில்லை. போன தடவை நிரம்பியதிலிருந்து இந்தத் தடவை நிரம்புவது வரை எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை லிட்டர் பிடித்தது, வகுத்தால் மைலேஜ். இரண்டு தடவையும் ஒரே அளவுக்கு நிரம்பினால்தானே கணக்கு சரியாக வரும்? நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். முறையில் என்னால் ஒரு குற்றம் சொல்ல முடியாது. விடை பதினைந்துக்குக் கீழே அநேகமாக இறங்காது. பதினாறு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே காலை உப்புமா கிளறுவார்.

அவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடக் கூடாது. மகளின் காலேஜ் ஃபீஸை முகம் சுளிக்காமல் கட்டியவர். அவள் புனேயில் வேலைக்குப் போனபோது கேட்காமலே முன்பணம் அனுப்பியவர். வீணாகப் போவதைத்தான் அவரால் தாங்க முடியாது. கிண்டியில் ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் முப்பது வருடம் நட்டு, போல்ட் எண்ணியவருக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. தினமும் கிண்டி போகும் வழியில் என்னைப் பல்லாவரத்தில் இறக்கிவிடுவார். அங்கிருந்து நான் ஷேர் ஆட்டோ பிடித்துப் பொழிச்சலூரில் என் பள்ளிக்கூடத்துக்குப் போவேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் ரிடையர் ஆனார். மறுவாரமே கார் சாவியை என் கையில் வைத்தார்.

"இனிமே எனக்கு எங்க போகணும்? நீ டிரைவிங் கத்துக்கிட்டு எடுத்துட்டுப் போ. அந்த ஷேர் ஆட்டோல இடிபட்டுக்கிட்டு வராதே."

ஐம்பது வயதில் எல் போர்டு மாட்டிக்கொண்டு கிழக்குத் தாம்பரம் சந்துகளில் நான் வண்டியை உருட்டிய கதை வேறு. இரண்டு மாதத்தில் லைசென்ஸ் வந்துவிட்டது. சாவியோடு கட்டளைகளும் வந்தன. கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே. கியரைச் சீக்கிரம் மாற்று. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை டயருக்குக் காற்று பார். கடைசியாக, "ஏசி தேவைப்பட்டாப் போட்டுக்கோ," என்றார். தேவை என்பதை அவர் சொன்ன தோரணையில், அது நல்ல குடும்பத்தில் யாருக்கும் வரக்கூடாத ஒன்று என்று தோன்றியது.

எனக்குத் தேவை வந்தது. அடுத்த வருடமே உடம்புக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்தார்கள்.

மாதவிலக்கு நிற்கிற வயது. முன்னறிவிப்பே இல்லாமல் நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பும். கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். ஐந்து நிமிடத்தில் ரவிக்கை தொப்பலாகிவிடும். பிறகு அதே வேகத்தில் அடங்கிக் குளிரும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. என் வகுப்பு மூன்றாவது மாடியில், தகரக் கூரைக்குக் கீழே. கணக்கு நோட்டுத் திருத்தும்போது நெற்றியிலிருந்து சொட்டிய வியர்வையில் சிவப்பு மை பரவும். ஒருநாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி பயந்துபோய்க் கேட்டாள்: "மிஸ், அழுறீங்களா?" குரோம்பேட்டை டாக்டரம்மாவுக்கும் என் வயதுதான் இருக்கும். மேஜையில் ஒரு குட்டி ஃபேனை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் வர்றதுதான். ரெண்டு மூணு வருஷத்துல அடங்கிடும்," என்று சொல்லிக் கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். "எனக்கு உடம்பெல்லாம் திகுதிகுன்னு எரியுதுங்க. தாங்கவே முடியல."

அவர் எழுந்து போய் சுவரில் ரெகுலேட்டரைப் பார்த்தார். "ஃபேன் அஞ்சுலதானே இருக்கு?" என்றார்.

இதில் கிண்டலும் இல்லை, கொடுமையும் இல்லை. நிஜமாகவே அக்கறையோடு போய்ப் பார்த்தார். ஆனால் எனக்கு முணுக்கென்று கோபம் வந்துவிட்டது. என்னைப் போன்ற கோபக்காரிகளுக்கு இது ஒரு வியாதி. ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வோம். எதிராளிக்குப் பிடிபடவில்லையென்றால் அத்தோடு வாயைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்குள் பொருமுவோம். அதற்குப் பிறகு அவரிடம் நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மார்ச் மாதம் ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு வந்து காரில் உட்கார்ந்தேன். நாள் முழுக்க வெயிலில் நின்ற வண்டி. ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே இருக்கிற அடுப்பும் சேர்ந்து பற்றிக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு காலி மனை, அதன் ஓரத்தில் ஒரு புங்க மரம். வண்டியை மெதுவாக நகர்த்தி அதன் நிழலில் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசியை நாலில் வைத்தேன். சீட்டைப் பின்னால் தள்ளி, கொண்டை ஊசிகளை எடுத்துவிட்டு, காற்று வருகிற இடத்தில் முகத்தைக் கொண்டுபோய் வைத்தேன்.

உச்சி குளிர்ந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். செல்போன் பார்க்கவில்லை, பாட்டு கேட்கவில்லை. தலைக்கு மேலே விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தன. கண்ணாடி மூடியிருந்ததால் அந்தச் சத்தம்கூடத் தூரத்தில்தான் கேட்டது. மிஸ் என்று யாரும் கூப்பிடவில்லை. "இங்க பாரேன்" என்று டிவி செய்தியைக் காட்ட யாரும் இல்லை. பிறந்த வீட்டில் நாலு பேருக்கு ஓர் அறை, கல்யாணம் ஆனபின் கூட்டுக்குடும்பம், பிறகு குழந்தை. கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார எனக்கென்று ஓர் இடம் கிடைத்தது அன்றைக்குத்தான். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் அழுதேன் என்றுகூட நினைக்கிறேன்.

மறுநாளும் அங்கே போய் நிறுத்தினேன். அதற்கடுத்த நாளும். "ஸ்பெஷல் கிளாஸ்," என்று வீட்டில் சொன்னேன். ஒரு டீச்சர் சொல்லக்கூடிய பொய்களில் மிகச் சுலபமானது அதுதான்.

நோட்டு சும்மா இருக்குமா? அடுத்த ஃபுல் டேங்க்கில் மைலேஜ் பதின்மூன்று காட்டியது. அதற்கடுத்து பன்னிரண்டு. மே லீவில் வண்டி வீட்டில் நின்றபோது பெட்ரோல் போடவே தேவைப்படவில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் பதினொன்றரைக்கு இறங்கியது. உப்புமா நின்றுபோனது. பங்க்கிலிருந்து திரும்பியதும் நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, ஜுரம் விடாத குழந்தையின் தெர்மாமீட்டரைப் பார்ப்பது மாதிரி அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு விசாரணை ஆரம்பமானது. முதல் குற்றவாளி பெட்ரோல். "எத்தனால் கலக்கறாங்க, அதான்," என்று நடைப்பயிற்சி நண்பர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். கலந்தாலும் இவ்வளவு குறையாது என்று கணக்குப் போட்டு இவரே அதைத் தள்ளுபடி செய்தார். அடுத்து பங்க். ஐந்து லிட்டர் அளவுக் கேனைக் கொண்டுவரச் சொல்லி அதில் பிடித்துக் காட்டச் சொன்னார். அந்தப் பெண் முகம் மாறாமல் கொண்டுவந்து பிடித்துக் காட்டினார். பெட்ரோல் கோட்டைத் தொட்டு நின்றது. இவர் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்படியும் பெருங்களத்தூர் பங்க்குக்கு மாறினார். டயர் காற்றைப் பார்த்தார். ஏர் ஃபில்டரைக் கழற்றிச் சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

ஒருநாள் என்னிடம் கேட்டார். "ஏசி போடறியா?"

"போடறேன்," என்றேன்.

"போடு, போடு. அதனால ஒண்ணு ஒண்ணரை குறையும். இவ்வளவு குறையாது." பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வண்டலூர் வரைக்கும் என்னை ஓட்டச் சொல்லிக் கால்களையும் கியரையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். திரும்பி வந்து இறங்கும்போது, "நீ என்னைவிட நல்லா ஓட்டற. உன் மேல தப்பே இல்ல," என்றார். அதில் பெருமை இருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்டால் எனக்கு ஒரே பதில்தான். சொன்னால் அவர் திட்டமாட்டார், கணக்குப் போடுவார். ஒரு அரை மணி நேரத்துக்கு எத்தனை மில்லி, மாதத்துக்கு எத்தனை லிட்டர், வருடத்துக்கு எத்தனை ரூபாய் என்று அந்த நோட்டில் ஒரு கட்டம் கட்டிவிடுவார். விலை தெரிந்த பிறகு அந்த மரத்தடியில் என்னால் நிம்மதியாக உட்கார முடியாது. எனக்கு அந்த அரை மணி நேரம் வேண்டும். இருக்கிற வேலைகளையும் பொய்களையும் தாண்டி, அது ஒன்று மட்டும் வேண்டும் என்று நெஞ்சு பிடிவாதம் பிடித்தது.

கடைசியில் பழி மெக்கானிக் தலையில் விழுந்தது. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் அவருடைய ஷெட். ஒன்பது வருடமாக எங்கள் வண்டியை அவர்தான் பார்க்கிறார். ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன்.

"போன சர்வீஸ்ல ப்ளக் மாத்தினியேப்பா, ஒரிஜினல்தானே?" என்று கேட்டார் என் கணவர்.

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "இன்னா சார் இப்டி கேட்டுட்ட? ஒம்போது வருசமா உன் வண்டில கை வெச்சிகினு கீறேன். டூப்ளிகேட் போட்டு நான் இன்னா மாடி வூடா கட்டிட்டேன்? வா சார், இப்பவே ஓட்டிப் பாத்துரலாம்."

இரண்டு பேரும் கிளம்பினார்கள், நான் ஷெட்டிலேயே காத்திருந்தேன். பங்க்கில் கழுத்துவரை நிரப்பி, குலுக்கி, ஊரப்பாக்கம் தாண்டி கூடுவாஞ்சேரி வரை போய், அங்கிருந்து இன்னும் கொஞ்சம் போய்த் திரும்பி வந்து, அதே பங்க்கில் அதே குழாயில் மறுபடி நிரப்பினார்கள். பதினேழு வந்தது. ஷெட்டுக்குத் திரும்பி வந்து மெக்கானிக் நிமிர்ந்து நின்றார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஹைவேல எந்த வண்டியும்தான் குடுக்கும்," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். வீட்டுக்குப் போகிற வழியில், அடுத்த சர்வீஸுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் மரத்தடிக்குப் போகவில்லை. நேராக அந்தச் சந்துக்குப் போனேன். இண்டிகேட்டர் பல்பு எரியவில்லை என்று ஒரு சாக்கு. மெக்கானிக் பல்பை மாட்டினார். பிறகு டிரைவர் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமலே பேசினார்.

"அக்கா, தப்பா நெனைக்காத. ஓடும்போது வண்டி சுத்தமா கீது. சார் பதினேழு பாத்தாரே, அதான் நெசம். டிராபிக்ல ஒண்ணு ரெண்டு கொறையும். மிச்சம் இன்னாத்துக்குக் கொறையுது? வண்டி ஓட சொல்லோ குடிக்கல. நிக்க சொல்லோ குடிக்குது."

நான் பல்புக்குக் காசு தேடுகிற சாக்கில் கைப்பைக்குள் கையை விட்டேன்.

"சீட்டு நவுர்ற ரெயிலு கடைசி வரிக்கும் தேஞ்சி பளபளன்னு கீது, தெனமும் பின்னால தள்ளினாப்புல. உன் காலு அங்கேந்து எட்டாது. யாரோ நிறுத்தி வெச்சிகினு ஒக்காந்துகினு கீறாங்கன்னு அப்பவே தெரியும். சாராண்ட நான் சொல்லல. சொன்னா வூட்டுல உனுக்கு இன்னா பேஜார் ஆவுமோ, எனுக்கு இன்னா தெரியும்?"

எதற்காக உட்காருகிறாய் என்று அவர் கேட்கவில்லை. பல்புக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். செய்யாத தப்புக்கு ஒன்பது வருட வாடிக்கையை இழந்துவிட்டு, அதற்குக் காரணமான என்னைக் காட்டிக்கொடுக்காமல் நிற்கிறார் மனிதர். வீடு வருகிற வரை ஏசி போடவில்லை. எனக்கு என் மேலேயே அவ்வளவு ஆத்திரம்.

சனிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் எதிரே வந்து நோட்டைப் பிரித்து வைத்தார். ஒன்பது வருடத்துப் பெட்ரோல், இரண்டு செட் டயர், மூன்று பேட்டரி, இன்ஷூரன்ஸ், சர்வீஸ், அத்தோடு வாங்கின விலையில் இதுவரை தேய்ந்தது எல்லாவற்றையும் கூட்டி, ஓடின தூரத்தால் வகுத்திருந்தார்.

"ஒரு கிலோமீட்டருக்குப் பதினேழு ரூபா ஆகுது. இந்த மைலேஜ்ல போனா அடுத்த வருஷம் இருபதைத் தொடும். அதுக்கு நீ தினமும் கால் டாக்ஸியில போயிட்டு வரலாம். ஊரப்பாக்கத்துல புதுசா ஃபிளாட் வாங்கினவர் ஒருத்தர் கேக்கறாரு. நாளைக்குக் காலைல வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காரு."

சொல்லிவிட்டு நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். விற்க அவருக்கு மனசில்லை என்று அந்தக் கையைப் பார்த்தாலே தெரிந்தது. "என்ன வியாதின்னே தெரியாம எவ்வளவு நாள் வெச்சிருக்கறது," என்றார்.

நான் மெதுவாக, பக்குவமாகச் சொல்லியிருக்க வேண்டும். அது என் சுபாவத்தில் இல்லை. கீரைக் கட்டைத் தட்டில் போட்டேன்.

"வண்டிக்கு ஒரு வியாதியும் இல்ல. அந்த மெக்கானிக் மேல ஒரு தப்பும் இல்ல. உங்க பெட்ரோலைக் குடிச்சது நான்தான்!"

அவர் புரியாமல் பார்த்தார்.

"தினமும் ஸ்கூல் விட்டதும் வண்டிய ஸ்கூலுக்குப் பின்னாடி மரத்தடியில நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியப் போட்டுட்டு உட்காந்திருக்கேன். ஸ்பெஷல் கிளாஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு உடம்பு எரியுது. ஒரு வருஷமா எரியுது. கிளாஸ்ல எரியுது, அடுப்படியில எரியுது, இப்ப உங்க முன்னாடி உட்காந்திருக்கும்போதும் எரியுது. உங்ககிட்ட சொன்னேன். ஃபேன் அஞ்சுல இருக்குன்னு சொன்னீங்க. எனக்கு அந்த ஒரு இடம்தான் இருக்கு. அதையும் வித்துட்டு டாக்ஸியில போகச் சொல்றீங்க. இந்த நோட்டுல டயருக்குக் கட்டம் இருக்கு, வைப்பருக்குக் கட்டம் இருக்கு. எனக்கு எங்கங்க கட்டம்?"

அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. இத்தனை மாதமாக அவர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருக்கிறார். சிக்னலில்கூட அணைக்கிறவருக்கு, எங்கள் வண்டி நின்றுகொண்டே பெட்ரோலை எரிக்கும் என்பது மட்டும் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று நடக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனை நிமிஷம்?"

"என்னது?"

"ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் நிப்ப?"

"அரை மணி!" என்று கத்திவிட்டு, கீரையை அப்படியே விட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். நான் எதற்குப் பயந்தேனோ அதுவே நடந்துகொண்டிருந்தது. பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் போனில் பேசுவது கேட்டது. "நான்தாம்பா. சாம்பல் கலர் வண்டி. வண்டி நல்லா இருக்குப்பா, பதினஞ்சரை குடுக்குது. உன்னைத் தப்பா பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதே. அடுத்த சர்வீஸ் உங்கிட்டதான்." பிறகு ஊரப்பாக்கத்துக்காரரைக் கூப்பிட்டு வர வேண்டாம் என்றார். அடுப்படி வாசலில் வந்து நின்று, "நீ நின்னதைக் கழிச்சுட்டா பதினஞ்சரை வருது," என்று என்னிடமும் சொன்னார். கண்ணெல்லாம் வெளிச்சம்.

வண்டி குற்றமற்றது என்று நிரூபணமாகிவிட்டது. அவருக்குச் சந்தோஷம். மெக்கானிக்கின் மானம் திரும்பியதில் எனக்கும் நிம்மதிதான். ஆனால் உடம்பு எரிகிறதே என்று சொன்னதற்கு ஒரு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவர் ஏதோ யோசனையில் இருந்தார். மகளோடு மட்டும் மொட்டைமாடியில் நின்று வெகுநேரம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்தபோது மரத்தடிக்குப் போவதா வேண்டாமா என்றே எனக்குத் தெரியவில்லை. அரை மணிக்கு இப்போது விலை எழுதியாகிவிட்டது. பழக்க தோஷத்தில் கை ஸ்டியரிங்கை அந்தப் பக்கமே திருப்பியது.

மரத்தடியில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

தாம்பரத்திலிருந்து ரயிலில் பல்லாவரம் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் இடிபட்டுக்கொண்டு வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. நான் வண்டியை நிறுத்தியதும் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். பழக்கத்தில் என் கை சாவிக்குப் போய் எஞ்சினை அணைத்தது. இத்தனை வருடத்தில் அவர் பக்கத்தில் இருக்கும்போது நின்ற வண்டி ஓடியதில்லை.

"போடு," என்றார்.

"வேணாங்க."

"போடும்மா."

போட்டேன். ஏசியை ஒன்றில் வைத்தேன். அவர் கையை நீட்டினார். அணைக்கத்தான் நீட்டுகிறார் என்று நினைத்தேன். நாலில் வைத்தார்.

இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தோம். "பாப்பாகிட்ட கேட்டேன்," என்றார், கொஞ்சம் தயங்கி. "எல்லாம் சொன்னா. எப்படி இருக்கும், எவ்வளவு நாள் இருக்கும்னு. நீ ஒரு வருஷமா தனியா..." டாஷ்போர்டில் இருந்த தூசியை விரலால் துடைத்தார். "ஃபேனைப் போய்ப் பாத்தேன் பாரு, முட்டாள் மாதிரி."

நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் நடுவில் இருந்த காற்றுத் துவாரத்தை என் முகத்துக்கு நேராகத் திருப்பினார். பிறகு தன் பக்கத்தில் இருந்ததை ஒவ்வொரு தகடாக விரலால் தள்ளி முழுக்க மூடினார். அதை மூடினால் என் பக்கம் வேகம் கூடும். அந்த வண்டியில் எதை மூடினால் எது கூடும் என்று அவருக்கு அத்துப்படி.

"சீட்டைப் பின்னாடி தள்ளிக்கோ," என்றார். "நான் பேசமாட்டேன். நான் இல்லைன்னு நெனச்சுக்கோ. நாளையிலேர்ந்து வரமாட்டேன், இது உன் இடம். இன்னிக்கு ஒரு நாள் சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கொண்டை ஊசிகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தேன். அவர் பக்கம் காற்றே இல்லை. காதோரம் வியர்வை வழிய, மீட்டரின் பக்கம் திரும்பாமல், முன்கண்ணாடி வழியாக இறங்குகிற விமானத்தைப் பார்த்துக்கொண்டு அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.